மாசி வெயிலில் இலந்தை வடை



இலந்தை என்ற பெயரைக் கேட்டதும் உங்கள் நினைவுக்கு வருவது எது? நம்மில் பலருக்கு அதன் இலைதான் முதலில் நினைவுக்கு வரும். வீட்டில் ஒரு மவுத்து நேர்ந்துவிட்டால், "யாராவது போய் இலந்தை இலை பறித்து வாருங்கள்" என்ற குரல் எழுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், மறைந்த தம் அருமை மகளாரைக் குளிப்பாட்டிய பெண்களிடம் நீரோடு 'சித்ர்' இலையையும் சேர்த்துக்கொள்ளுமாறு அறிவுறுத்தினார்கள் என்பதை நாம் அறிவோம். அரபு நாட்டுச் சித்ரும் நம் நாட்டு இலந்தையும் ஒரே இனத்தைச் சேர்ந்த மரங்கள். ஆகவே அந்த இலை நம் இல்லங்களின் இறுதிக் குளியலுக்கு உரியதாயிற்று.

ஆனால், உயிரோடு ஓடியாடும் நம் குழந்தைகளுக்கு அதே மரம் ஓர் உணவையும் தருகிறதே! அதை நாம் மறந்துகொண்டு வருகிறோம். அந்த உணவைப் பற்றி உங்களோடு சற்று உரையாடவே இதை எழுதுகிறேன்.

நான் பிறந்தது மேலப்பாளையம். தாமிரபரணியின் வாய்க்கால் ஓடும் ஊர். வாழ்க்கைப்பட்டு வந்ததோ கோவில்பட்டி. கரிசல் மண் எனக்குப் புதிது. மழை பெய்தால் காலைக் கவ்விக்கொள்ளும். கோடை வந்தால் கை நுழையும் அளவுக்கு வெடித்து வாய் பிளக்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். மீதி மாதங்களெல்லாம் வானத்தை அண்ணாந்து பார்க்கும் மாதங்கள்தாம். இந்த மானாவாரி மண்ணுக்கு ஏற்ற பயிர்களை ஆராய்வதற்கென்றே 1901-ஆம் ஆண்டில் இங்கு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் அமைக்கப்பட்டது என்றால், இதன் வறட்சி எவ்வளவு பழமையானது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

"இந்த ஊரில் என்னதான் விளையும்?" என்று வந்த புதிதில் நான் கேட்டேன். என் மாமியார் சிரித்துக்கொண்டே, "வெயில் விளையும்மா" என்றார். அன்று அதை வேடிக்கைப் பேச்சென்றே எண்ணினேன். மாசி மாதம் பிறந்ததும் மொட்டை மாடியில் ஓலைப்பாயை விரித்து அவர் இலந்தை வடை தட்டிக் காய வைத்தபோதுதான் அந்தச் சொல்லின் பொருள் எனக்கு விளங்கிற்று. இங்கிருந்து 60 கிலோமீட்டர் அளவு தொலைவிலுள்ள தூத்துக்குடியில் கடல் நீரை உப்பாக்குவதும் இந்த வெயில்தான். எங்கள் வீட்டு மாடியில் பழத்தைத் தின்பண்டமாக்குவதும் இந்த வெயில்தான்.

கடைத் தெருவில் கரையும் காசு

எங்கள் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது கடலைமிட்டாய். 2020-ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நிலக்கடலையும் வெல்லமும் சேர்ந்த அந்தப் பண்டம் புகழுக்கு உரியதே. ஆனால் பள்ளிக்கூட வாசலில் உள்ள கடைகளில் நம் குழந்தைகளின் கை நீள்வது கடலைமிட்டாயை நோக்கியா? பளபளக்கும் பொட்டலங்களை நோக்கியல்லவா! அவற்றில் உப்பும் எண்ணெயும் சாயமும் எவ்வளவு என்று அந்தப் பிஞ்சுகளுக்கு எப்படித் தெரியும்? 2024 பிப்ரவரியில், பஞ்சு மிட்டாயில் 'ரோடமின் பி' என்னும் சாயம் கலந்திருப்பது கண்டறியப்பட்டு, தமிழ்நாட்டில் அதன் விற்பனைக்குத் தடை விதிக்கப்பட்டதை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அந்தச் சாயம் உணவுக்கானது அன்று, துணிக்கானது.

என் இளைய மகள் ஒருநாள் நாக்கெல்லாம் செக்கச் செவேலென்று சிவந்து வீட்டுக்கு வந்தாள். எந்தக் கடையில் எதை வாங்கினாள் என்பது இங்கு முக்கியமில்லை. மாமியார் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. அடுக்களைக்குள் சென்று கண்ணாடிச் சாடியைத் திறந்து ஓர் இலந்தை வடையை எடுத்து அவள் கையில் வைத்தார். புளிப்பும் உறைப்பும் இனிப்பும் உப்புமாக நான்கு சுவையும் ஒன்றாக நாவில் ஏறவே, அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு சப்பினாள். "இன்னொன்று" என்றாள். "நாளைக்கு" என்றார் மாமியார். அந்த "நாளைக்கு" என்ற சொல்லில் எவ்வளவு அறிவு அடங்கியிருக்கிறது என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

செய்முறை

மார்கழி முதல் மாசி வரை இலந்தை பழுக்கும் காலம். வடைக்கு ஏற்றது சிறு உருண்டையாக இருக்கும் நாட்டு இலந்தைதான். கடைகளில் ஆப்பிள் போல் பெரிதாகப் பச்சை நிறத்தில் விற்பனைக்கு வரும் ஒட்டு இலந்தையில் நீர் மிகுதி, புளிப்புக் குறைவு. அதைத் துண்டு போட்டு உலர்த்தலாமே தவிர, இடித்தால் வடை பிடிக்க வராது.

நன்கு பழுத்துச் சிவந்த பழம் ஒரு கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு முறை கழுவி, துணியில் பரப்பி ஈரத்தை உலர்த்துங்கள். பிறகு ஒவ்வொரு பழத்தையும் பிட்டுப் பாருங்கள். இலந்தையில் புழு எளிதில் வைக்கும். வெளியில் பளபளப்பாக இருக்கும் பழத்தின் உள்ளேயும் இருக்கும். பிட்டுப் பார்க்கும் இந்த ஒரு வேலைக்குத்தான் பொறுமை வேண்டும். அந்தக் காலத்தில் கொட்டையோடு சேர்த்தே இடிப்பார்கள். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் கொட்டையை நீக்கிவிடுவதே நல்லது. தொண்டையில் சிக்காது, பல்லுக்கும் சேதமில்லை.

ஆறு அல்லது ஏழு காய்ந்த மிளகாய், இரண்டு தேக்கரண்டி உப்பு, ஒரு சுண்டைக்காய் அளவு பெருங்காயம், நெல்லிக்காய் அளவு புளி ஆகியவற்றை முதலில் உரலில் இட்டு இடித்துக்கொள்ளுங்கள். அதன்மேல் பழத்தைப் போட்டு, மைபோல் அரைபடாமல் ஒன்றிரண்டாக இடியுங்கள். இறுதியில் 50 கிராம் வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்தால் போதும். பழம் நன்றாகக் கனிந்திருந்தால் அதுவும் தேவையில்லை. உரல் இல்லாதவர்கள் மின் அரைப்பானில் விட்டுவிட்டுச் சுற்றலாம். ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களிலும் அலுமினியத்திலும் இந்தப் புளிப்பை வைத்திருக்க வேண்டாம்.

கையில் ஒட்டாமல் இருக்கச் சற்றே நீர் தொட்டுக்கொண்டு, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக, மெல்லிய வில்லைகளாகத் தட்டுங்கள். தடிமனாகத் தட்டினால் மேற்புறம் காய்ந்து உட்புறம் ஈரமாகவே இருந்து பூஞ்சணம் பிடித்துவிடும். ஓலைப்பாயிலோ, சுளகிலோ, எவர்சில்வர் தட்டிலோ பரப்பி, மேலே வெள்ளை மல் துணியைப் படாமல் கட்டிவிடுங்கள். ஈயும் தூசியும் அண்டாது. கட்டிலின் மேல் வைத்து, அதன் கால்களுக்குக் கீழே நீர் ஊற்றிய கிண்ணங்களை வைத்தால் எறும்பும் ஏறாது. மாலையில் வெயில் இறங்கியதும் மறவாமல் உள்ளே எடுத்துவிட வேண்டும். மாசிப் பனி ஒரே இரவில் பகல் முழுவதும் காய்ந்ததை ஈரமாக்கிவிடும். மறுநாள் திருப்பிப் போட வேண்டும். நல்ல வெயிலில் மூன்று நான்கு நாட்கள் பிடிக்கும்.

காய்ந்துவிட்டது என்பதை எப்படி அறிவது? வில்லையை மடித்தால் தோல்போல் வளைய வேண்டும். அழுத்தினால் விரலில் ஈரம் ஒட்டக் கூடாது. கண்ணாடிச் சாடியில் முக்கால் அளவு நிரப்பி மூடி, ஒரு வாரம் நாள்தோறும் குலுக்கிப் பாருங்கள். சாடியின் உட்புறத்தில் நீர்த்துளி தெரிந்தால் மீண்டும் ஒருநாள் வெயிலில் போடுங்கள். பூஞ்சணம் கண்டால் அந்த இடத்தை மட்டும் கிள்ளியெறிந்துவிட்டு மீதியை உண்ணலாம் என்று எண்ணாதீர்கள். அதை முழுவதுமாக நீக்கிவிடுவதே பாதுகாப்பு.

வெயில் எடுப்பதும் விடுவதும்

சகோதரிகளே, இனி நான் சொல்லப் போவதுதான் இக்கட்டுரையின் உயிர்.

வீட்டில் செய்தது, வெயிலில் காய்ந்தது, பழத்தால் ஆனது என்று சொல்லிவிட்டால், அது எவ்வளவு உண்டாலும் நல்லதுதான் என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. என் மாமியாருக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஒரு ரமளானில் அவருக்குத் தலைசுற்றலும் அடங்காத தாகமும் ஏற்பட்டு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். இரத்தத்தில் சர்க்கரை எல்லை மீறியிருந்தது. "என்ன சாப்பிடுகிறீர்கள் அம்மா?" என்று மருத்துவர் விசாரித்தார். சீனியைத் தொடுவதே இல்லை. தேநீர்கூடச் சீனி இல்லாமல்தான். நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழமும், தராவீஹ் முடிந்து வந்து ஒரு கை உலர்ந்த திராட்சையும் மட்டும்தான் என்றார். "அது பழந்தானே டாக்டர்! பழம் யாருக்குக் கெடுதல் செய்யும்?" என்றும் கேட்டார்.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். வெயில் பழத்திலிருந்து எடுத்துக்கொள்வது பெரும்பாலும் நீரைத்தான். இனிப்பை அது எடுத்துக்கொள்வதில்லை. ஏறத்தாழ நான்கு கிலோ பச்சைத் திராட்சை காய்ந்தால் ஒரு கிலோ உலர்ந்த திராட்சை கிடைக்கும். நான்கு கிலோவில் இருந்த இனிப்பு அத்தனையும் அந்த ஒரு கிலோவுக்குள் அடங்கியிருக்கிறது. பச்சைப் பழமாக நூறு திராட்சையை நாம் ஒரே மூச்சில் உண்ணமாட்டோம், வயிறு நிறைந்துவிடும். காய்ந்த நூறு திராட்சையோ இரண்டு கைப்பிடிக்குள் முடிந்துவிடும். பேரீச்சம்பழத்தின் எடையில் பாதிக்கு மேல் இனிப்புதான்.

வெயில் வேறொன்றையும் எடுத்துக்கொள்கிறது. இலந்தையிலும் நெல்லியிலும் நிறைந்துள்ள 'சி' உயிர்ச்சத்து வெப்பத்தாலும் காற்றாலும் குறைந்துவிடும். ஆகவே அந்தச் சத்துக்காக உண்பவர்கள் பருவத்தில் பச்சைப் பழமாகவே உண்ண வேண்டும். காய்ந்த பழத்தில் எஞ்சுவது நார்ச்சத்தும் தாது உப்புகளும் இனிப்பும். இவையும் உடலுக்கு வேண்டியவையே. ஆனால் அளவோடு! வளரும் பிள்ளைக்கு நாளுக்கு ஒன்றோ இரண்டோ இலந்தை வடை போதும். இதைத்தான் என் மாமியார் "நாளைக்கு" என்ற ஒரே சொல்லில் பேத்திக்குக் கற்றுத் தந்தார். பேத்திக்குச் சொன்ன அதே சொல்லை அவர் தமக்கும் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

மருத்துவரின் யோசனைப்படி அவருக்கென்று ஓர் ஏற்பாடு செய்தோம். உப்பும் வெல்லமும் சேர்க்காமல் கொட்டை நீக்கிக் காய வைத்த இலந்தை நாலைந்தை அஸர் தொழுகைக்குப் பின் ஒரு குவளை நீரில் ஊற வைப்போம். மஃக்ரிபுக்குள் அது மெல்லிய புளிப்பும் இனிப்புமான பானமாகிவிடும். ஒரு பேரீச்சம்பழம், இந்தப் பானம், பிறகு நோன்புக் கஞ்சி. திராட்சைக் கிண்ணம் மாமியாரின் கைக்கு எட்டும் இடத்திலிருந்து எடுக்கப்பட்டது. அவர் முதலில் முகம் சுளித்தார். சில நாட்களில் பழகிக்கொண்டார். அடுத்த முறை பரிசோதித்தபோது அளவு இறங்கியிருந்தது. அல்ஹம்துலில்லாஹ்! இது அவருக்கு அவர் மருத்துவர் வகுத்த முறை. இதுபோன்ற நோயுள்ளவர்கள் தத்தம் மருத்துவரைக் கேட்டே நோன்பையும் உணவையும் அமைத்துக்கொள்ள வேண்டும்.

பழத்தை நீரில் ஊற வைத்து அருந்துவது நமக்குப் புதிதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்காகப் பேரீச்சம்பழமோ உலர்ந்த திராட்சையோ நீரில் ஊற வைக்கப்பட்டதையும், நாட்கள் கடந்துவிட்டால் அது கொட்டப்பட்டதையும் ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். நம் ஊர் வெக்கையில் ஊறிய பழநீர் விரைவில் புளித்துவிடும். ஊற வைத்ததை அன்றே அருந்திவிடுங்கள். மீதியை மறுநாளைக்கு வைக்க வேண்டாம்.

இன்னும் சில எச்சரிக்கைகள்: இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு உப்பிட்ட வடை ஆகாது. ஸஹர் நேரத்தில் இதை உண்டால் பகலெல்லாம் தாகம் எடுக்கும். பல் முளைக்கும் குழந்தைகளுக்குக் காய்ந்த பழம் எதையும் முழுதாகக் கொடுக்கக் கூடாது. இனிப்பான காய்ந்த பழம் பல்லில் ஒட்டிக்கொள்ளும். தின்றபின் வாய் கொப்பளிக்கக் குழந்தைகளைப் பழக்குங்கள்.

இன்னும் என்ன உலர்த்தலாம்?

இலந்தை ஒன்றுதான் என்பதில்லை. பெருநெல்லியை ஆவியில் வைத்து, சுளை சுளையாகப் பிரித்து, சிறிது உப்பும் மிளகும் தூவி நிழலில் உலர்த்தி, இறுதியில் ஒருநாள் மட்டும் வெயில் காட்டலாம். இராசபாளையம் மாம்பழம் மலிந்து வரும் கோடையில், பழச்சாற்றை நெய் தடவிய தட்டில் மெல்லியதாக ஊற்றி, அது காய்ந்ததும் அதன்மேல் மறுபடியும் ஊற்றிக் காய வைத்து ஏடுபோல் உரித்தெடுக்கலாம். சீனி சேர்க்க வேண்டியதே இல்லை. யாழ்ப்பாணத்து மக்கள் பனம்பழச் சாற்றை இதே முறையில் பாயில் உலர்த்திப் பனாட்டு செய்கிறார்கள். திருச்சி மாவட்டத்துத் தொட்டியம் பகுதியில் வாழைப்பழத்தைச் சூரிய உலர்கூடத்தில் உலர்த்தி விற்பனை செய்கிறார்கள். வெயிலைக் கொண்டு பழத்தைக் காக்கும் கலை ஒவ்வொரு மண்ணிலும் ஒவ்வொரு பெயரில் வாழ்கிறது.

தீப்பெட்டி வேலையால் குடும்பம் நடத்தும் சகோதரிகள் எங்கள் பகுதியில் ஏராளம். நாலைந்து பேர் சேர்ந்து செய்தால் இது கைச்செலவுக்கும் உதவும். விற்பனை என்று வந்துவிட்டால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வது சட்டப்படி அவசியம் என்பதை மட்டும் மறவாதீர்கள்.

மரம் இருந்தால்தானே?

இவ்வளவும் சொல்லியாயிற்று. பழத்துக்கு எங்கே போவது?

எங்கள் தெருவுக்கு மேற்கே ஓடைக்கரையில் வரிசையாக ஏழெட்டு இலந்தை மரங்கள் நின்றன. யாரும் நட்டதில்லை, யாரும் நீர் ஊற்றியதில்லை. பறவை போட்ட விதையில் முளைத்து, மழை பொய்த்த ஆண்டிலும் காய்த்தவை. அதன் வேர் ஆழமாக இறங்கி ஈரத்தைத் தேடிக்கொள்ளும். சில ஆண்டுகளுக்கு முன் அந்த நிலம் மனைகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரே நாளில் இயந்திரம் அத்தனையையும் வேரோடு சாய்த்துவிட்டது. வீட்டு மனை வேண்டாமென்று யார் சொல்ல முடியும்? ஓரத்தில் இருந்த இரண்டு மரங்களையாவது விட்டிருக்கலாமே என்றுதான் நெஞ்சம் ஏங்குகிறது.

அதன்பின் ஒரு தை மாதத்தில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் மவுத்தானார். இலந்தை இலை தேடிச் சென்ற இளைஞர்கள் வெகுநேரம் கழித்தே திரும்பினார்கள். நான்கு ஊர் தள்ளி ஒரு தோட்டத்து வரப்பில்தான் கிடைத்ததாம். வழி நெடுகிலும் சீமைக் கருவேலம்தான் அடர்ந்திருந்தது என்றார்கள். அந்தக் காத்திருப்பில் பெண்கள் அனைவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தோம். அன்று இல்லாமற்போனது இலை மட்டுமா? அந்த மாசியில் எங்கள் மாடியில் பாய் விரிக்கப்படவில்லை.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ உண்பது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்பதை நாம் எத்தனை பயான்களில் கேட்டிருக்கிறோம்! இலந்தை நடுவதற்குப் பெரிய தோட்டம் வேண்டியதில்லை. முள் மரமாதலால் வாசலில் வேண்டாம். வேலியோரம், கொல்லைக் கடைசி, கபரஸ்தானின் சுற்றுச்சுவர் ஓரம் ஆகியவை போதும். கபரஸ்தானில் நட விரும்பினால் ஜமாஅத்தாரிடம் சொல்லி அனுமதி பெறுங்கள். நன்கு பழுத்த பழத்தின் கொட்டையைக் கழுவிக் காய வைத்து, உள்ளிருக்கும் பருப்புக்குச் சேதமில்லாமல் மேலோட்டை மெதுவாகத் தட்டி விரிசல் விடச் செய்து விதைத்தால் விரைவில் முளைக்கும். முதல் இரண்டு கோடைக்கு மட்டும் சிறிது நீர் காட்டினால் போதும். பிறகு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆடு கடிக்காமல் காப்பது மட்டும் நம் பொறுப்பு.

ரமளான் இப்போது சில ஆண்டுகளாக இலந்தைப் பருவத்தை ஒட்டியே வந்துகொண்டிருக்கிறது. இந்த மாசியில் உங்கள் தெருப் பெண்கள் நாலு பேர் ஒன்றுகூடி ஒரு கிலோ பழமேனும் இடித்துக் காய வையுங்கள். குழந்தைகளைக் கூடவே உட்கார வையுங்கள். புழுவைக் கண்டுபிடிப்பதில் அவர்களுக்குத்தான் கண் கூர்மை. எத்தனை வடை தட்டினோம், ஆளுக்கு எத்தனை, எந்த நாள் வரை வரும் என்று அவர்களையே கணக்குப் போடச் சொல்லுங்கள். அளவறிந்து உண்ணும் பழக்கம் அந்தக் கணக்கிலேயே வந்துவிடும். நீக்கிய கொட்டைகளைக் குப்பையில் எறியாமல் ஒரு காகிதப் பொட்டலத்தில் கட்டி, ஐப்பசி மழைக்காக எடுத்து வையுங்கள். வல்ல இறைவன் நம் முயற்சிகளை ஏற்று அருள் புரிவானாக! ஆமீன்.